மேற்படி வழி, அனுகூலம்

ரயில்வே கேட்டுக்கு நாற்பது அடி இருக்கும்போதே ஏசுவடியான் மிதிப்பதை ஒரு கணம் நிறுத்தி, கைப்பிடியில் உள்ள சிறிய நெம்புகோலைத் தள்ளுகிறார். ‘டிக்’ என்று ஓர் ஓசை. சைக்கிள் ஒன்றாம் கியருக்கு வந்துவிட்டது. தண்டவாளத்தின் பொருட்டு அந்த இடத்தில் சாலையை இரண்டரை அடி உயர்த்தியிருக்கிறார்கள். தூத்துக்குடியில் அவருக்கு வாய்த்த மலை அவ்வளவுதான். முதுகை நிமிர்த்தி, மூச்சைச் சீராக்கி, பெரிய காரியத்தில் இறங்கியவரின் முகத்தோடு அதன் மீது ஏறுகிறார். உச்சியில் மறுபடியும் ‘டிக்’, இரண்டாம் கியர். அந்தப் பக்கம் சைக்கிள் தானாகவே உருண்டு இறங்கிவிடுவதால் அதை அவர் கவனிப்பதில்லை. கேட்கீப்பர் சங்கரபாண்டியன் தினமும் காலையில் தவறாமல் விசாரிக்கிறார்: “என்ன அண்ணாச்சி, மேல குளிரு எப்படி?”

“இன்னைக்குப் பரவாயில்ல” என்கிறார் ஏசுவடியான். கேலியையும் கேள்வியாகவே பாவித்து அதற்கு உரிய விடையைத் தருவது அவருடைய குணம்.

அந்த ராலி சைக்கிள் 1962ஆம் ஆண்டு கொழும்பிலிருந்து தோணியில் வந்தது. அங்கே கடை வைத்திருந்த தாய்மாமன், கருவாப்பட்டை மூட்டைகளுக்கு நடுவே கிடத்தி அனுப்பிய கல்யாணப் பரிசு. மூன்று கியர். ஊருக்குள் ஓட்ட இரண்டாவது போதும். பின்காற்று அடிக்கும் நாளில் மூன்றாவது. ஒன்றாவதுக்கு மட்டும் கடலோரத்தில் எந்த உத்தியோகமும் இல்லை. ஏழு ஆண்டுகள் இந்த அநியாயத்தைப் பொறுத்துப் பார்த்தவர், ஒரு நாள் மனைவியிடம் சொன்னார்: “ஒண்ணாம் கியரு சும்மாவே கெடந்தா துருப் பிடிச்சிரும்லா?”

தேயிலை போடவும் தேக்கு வெட்டவும் தவம் செய்யவும் மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் போனவர்கள் உண்டு. ஒரு கியருக்கு வேலை வாங்கிக் கொடுப்பதற்காகப் போனவர் இவர் ஒருவராகவே இருக்க வேண்டும்.

தொழில், துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலின் ஓரத்தில் நின்றுகொண்டு, உள்ளே போகும் மூட்டைகளையும் வெளியே வரும் மூட்டைகளையும் எண்ணுவது வேலை. நான்கு மூட்டைக்கு நான்கு நேர்கோடு, ஐந்தாவதற்குக் குறுக்கே ஒரு கோடு. எழுதுவது காப்பியிங் பென்சிலால். அதில் எழுதியதை அழிக்க முடியாது. தவறு நேர்ந்தால் ஒற்றைக் கோட்டால் அடித்துப் பக்கத்தில் சுருக்கொப்பமிட வேண்டும் என்பது விதி. நாக்கில் தொட்டுத் தொட்டு எழுதி, இருபத்தாறு வருடச் சேவையின் அடையாளமாக அவருடைய நாக்கு நுனியில் ஊதா நிறப் புள்ளி ஒன்று நிலைத்துவிட்டது. ஏற்றுமதி அதிகாரிகள் மேசைமேல் பெயர்ப்பலகை வைத்திருப்பார்கள். இவருக்கு வாயைத் திறந்தால் போதும்.

“கண்ணால பாக்காத மூட்டைய எழுதக் கூடாது” என்பது அவர் வாயில் ஓயாமல் புரளும் வாசகம். ஒரு முறை அவர் தேநீர்க் குவளையை வாங்கத் திரும்பிய நேரத்தில், செந்தூர்பாண்டி என்ற சுமை தூக்கும் தொழிலாளி மூன்று உப்பு மூட்டைகளைக் கப்பலுக்குள் கொண்டுபோய் அடுக்கிவிட்டார். அந்த மூன்றையும் மறுபடி கரைக்கு இறக்கி, தம் கண் முன்னால் மீண்டும் ஏற்றச் சொன்னார் ஏசுவடியான். கப்பல் புறப்படுவது கால் மணி நேரம் தள்ளிப்போயிற்று. கப்பல் தலைவர் ஒரு மொழியிலும் செந்தூர்பாண்டி இன்னொரு மொழியிலும் பேசிய பேச்சின் பொருள் ஒன்றுதான் என்று அருகில் இருந்தவர்கள் சொல்கிறார்கள்.

இதே நேர்மையோடு எழுதப்பட்டதாக ஊரார் நம்பியிருந்த இன்னொரு ஆவணமும் அவரிடம் உண்டு: மலைப்பாதைக் குறிப்பேடு. 1969 முதல் ஆண்டுக்கு ஒரு வழி வீதம் ஒன்பது வழிகள். மே மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை சைக்கிளை ரயிலில் ஏற்றி அம்பாசமுத்திரம் போவார். சனி முழுக்கக் காட்டுக்குள் மலையேற்றம். திங்கட்கிழமை காலையில் கப்பல் ஓரத்தில் பென்சிலோடு நிற்பார். குறிப்பேட்டில் பத்தி பத்தியாகக் கட்டம் போட்டு எல்லாம் பதிவாகியிருக்கும். நான்காம் வழியைச் சான்றாகக் காட்டலாம்: ‘மணிமுத்தாறு அணை முதல் மாஞ்சோலை. பொடிச் சரளையும் குண்டுச் சரளையும் மாறி மாறி. வளைவு: என் எண்ணிக்கைப்படி பதினேழு. ஊற்று: மூன்று இடம். அட்டை: மழைக்குப் பின் உண்டு. சரிவு: பெரும்பாலும் அரைக் கச்சான், பதினான்காம் வளைவில் முழுக் கச்சான். கால் ஊன்றியது: இல்லை. திரும்புகை: மேற்படி வழி, அனுகூலம்.’

சரிவைக் கச்சானால் அளப்பது உலகில் வேறு எங்கும் இல்லாத முறை. கச்சான் என்பது ஆனி ஆடியில் மேற்கிலிருந்து அடித்து, உப்பளத்துச் சாலையில் சைக்கிளை நின்ற இடத்திலேயே நிற்கவைக்கும் காற்று. மலை இல்லாத ஊர்க்காரர் மலைக்குப் பயிற்சி எடுப்பது எப்படி? அந்தக் காற்றுக்கு எதிரே, பாத்திகளுக்கு நடுவே, வாயில் உப்பு படிய மிதிப்பார். ஒரு சரிவைக் கண்டதும், இது எத்தனை கச்சானுக்குச் சமம் என்று அவருடைய முழங்கால்கள் தீர்ப்புச் சொல்லிவிடும். கச்சானுக்கு இன்னொரு நற்குணமும் உண்டு. போகும்போது எவ்வளவு எதிர்த்ததோ, திரும்பும்போது அவ்வளவு பின்னால் நின்று தள்ளும். வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டுவிடும். மலையும் இப்படிப்பட்ட நாணயஸ்தன்தான் என்று ஏசுவடியான் எடுத்துக்கொண்டார். அனுகூலம் என்ற சொல் அவ்வாறு பிறந்தது.

பிரேக் விஷயமும் அங்கிருந்தே வருகிறது. உப்புக் காற்றில் பிரேக் கம்பி இரண்டு வருடம் தாங்காது. கம்பி போனபின் கட்டை மட்டும் சக்கரத்தில் உரசிக்கொண்டு கிடக்கும். எனவே ஊரில் பாதிப் பேர் அதைக் கழற்றிவிடுகிறார்கள். ராலியின் கட்டைகள் 1964இலேயே கழன்றுவிட்டன. “நிப்பாட்டணும்னா மிதிக்காம இருந்தாப் போதும். மிச்சத்தக் கச்சான் பாத்துக்கிடும்” என்பார். அவசரத்துக்கு ரப்பர்ச் செருப்பை முன்சக்கரத்தில் அழுத்துவது உண்டு.

மனைவி ஜெயபாய் மிஷன் பள்ளிக்கூட ஆசிரியை. நாசரேத்தில் பிறந்து தூத்துக்குடி மில்லர்புரத்துக்கு வாழ்க்கைப்பட்டவர். “கெட்டிக் குடுக்கும்போது மாப்பிள்ளைக்கு ஒரு கெட்ட பழக்கமும் கெடையாதுன்னுதான் சொன்னாவ. சைக்கிள யாரு அதுல சேத்தா?” என்று அண்டை வீட்டாரிடம் சொல்வார். ஆனாலும் ஆறாம் வழியில், மேலக்கோதையாற்று ஏரியைப் பற்றிய பதிவை அவர் இரண்டு முறை வாசித்திருக்கிறார். ‘ஏரி. அலை இல்லை. உப்பு இல்லை. கரையில் ஆள் இல்லை. சுற்றிலும் மரம். பதினைந்து நிமிடம் நின்றேன். காரணம் குறிக்கப்படவில்லை.’

குறிப்பேட்டை இரவல் வாங்கியவர்கள் ஏராளம். கையெழுத்தைப் பாராட்டியவர்கள் அதைவிட ஏராளம். அதை வைத்துக்கொண்டு மலை ஏறியவர் ஒருவரும் இல்லை. அது அவருக்குக் குறையாகவும் படவில்லை. அச்சில் வர வேண்டும் என்பது மட்டுமே ஆசை. “இருவத்தாறு வருசமா கையெழுத்துப் போட்ட தாளெல்லாம் கிட்டங்கியில கரையான் திங்குது. இது ஒண்ணாவது பேரோட கெடக்கட்டுமே” என்று துறைமுக ஊழியர் மனமகிழ் மன்றத்தின் செயலாளர் சிவசுப்பிரமணியனிடம் போய் நின்றார். செயலாளர் ஆழ்வார்திருநகரிக்காரர். எதையும் நிபந்தனையில்லாமல் தருவது பதவிக்கு இழுக்கு என்ற கொள்கை உடையவர்.

“ஆண்டு மலர்ல எட்டுப் பக்கம் தாரேன், அண்ணாச்சி. ஆனா ஒண்ணு. இந்த நோட்ட வச்சு நாலு பேரு போயிட்டு வந்தாவன்னு இருக்கணும். ஏறி எறங்கணும். நானே வாரேன்.”

இப்படியாக 1978 மே மாதம் ஏழு பேர், ஏழு சைக்கிள்களோடு மணிமுத்தாறு அணைக்கட்டின் அடியில் போய் நின்றார்கள். ஆறு பேர் துறைமுகத்து எழுத்தர்கள். ஏழாமவர் செந்தூர்பாண்டி. ஏரல்காரரான அவர் சுமை வேலைக்கு வருமுன் பத்து வருடம் சைக்கிளில் வாழைக்குலை கட்டிச் சந்தைக்கு ஓட்டியவர். மூன்று மூட்டைகளை மறந்துவிட்டு வந்தாரா, மறக்காமல் வந்தாரா என்பது அப்போது யாருக்கும் தெரியாது. சோதனைச் சாவடிக் காவலர் ஊர்வலத்தைப் பார்த்துவிட்டு, “மேல பஸ்ஸு போவுதே, தெரியாதா?” என்று மட்டும் கேட்டார்.

இரண்டாம் வளைவில் ஆறு பேர் இறங்கித் தள்ளத் தொடங்கினார்கள். ஏசுவடியான் இறங்கவில்லை. ‘டிக்’. ஒன்றாம் கியர் தன் பிறவிப்பயனை அடைந்தது. என்ன, அந்தக் கியரின் வேகமும் மனிதன் நடக்கும் வேகமும் ஏறக்குறைய ஒன்று. ஆகவே மிதிப்பவரும் தள்ளுபவர்களும் பேசிக்கொண்டே வளைவுகளைக் கடந்தார்கள்.

“எறங்கி நடந்தியன்னா இன்னும் வெரசாப் போலாமே, அண்ணாச்சி?” என்றார் செயலாளர்.

“நடக்கதுக்கு எதுக்குவே சைக்கிளு?”

ஆனால் குறிப்பேடு தோற்கவில்லை. ‘ஐந்தாம் வளைவு தாண்டி இடப்பக்கம் ஊற்று’ என்று எழுதியிருந்த இடத்தில் ஊற்று இருந்தது. ‘குண்டுச் சரளை ஆரம்பம்’ என்ற இடத்தில் குண்டுச் சரளை தொடங்கியது. ‘இங்கே மரங்கள் விலகி அணை தெரியும்’ என்றால், ஏதோ ஏவலுக்குக் கட்டுப்பட்டதுபோல மரங்கள் விலகின. கீழே நீர்த்தேக்கம் தகரத்தகடுபோல் மின்னியது. பத்தாம் வளைவுக்குப் பிறகு கேலி நின்றுவிட்டது. பதினான்காவதில், முழுக் கச்சானில், சட்டை முதுகோடு ஒட்ட, கழுத்து நரம்புகள் புடைக்க அவர் ஏறியதைச் செயலாளர் சைக்கிளை மரத்தில் சாத்திவிட்டு நின்று பார்த்தார். மாஞ்சோலையில் கடைசி மிதியை மிதித்துக் கீழே இறங்கிய ஏசுவடியான், ‘கால் ஊன்றியது’ என்ற கட்டத்தைச் செயலாளரிடம் நீட்டினார். “இல்லை. நான் சாட்சி” என்றார் அவர். அன்றிரவு ஏழு பேரும் தோட்டத்துத் தேவாலயத் தாழ்வாரத்தில் படுத்தார்கள். ஆறு பேர் உடனே தூங்கினார்கள்.

காலையில் செயலாளர் குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உரக்க வாசித்தார்: “திரும்புகை: மேற்படி வழி, அனுகூலம். அனுகூலம்னா என்ன, அண்ணாச்சி?”

“மிதிக்க வேண்டாம். அதுவே கொண்டுபோயிரும்.”

அது உண்மை. அதுவே கொண்டுபோயிற்று. ஏழு சைக்கிள்களில் முறைப்படி இருக்க வேண்டிய பிரேக்குகள் பதினான்கு. இருந்தவை ஐந்து. பிடித்தவை இரண்டு, இரண்டும் செந்தூர்பாண்டியின் வண்டியில். இப்போது மேலிருந்து கணக்கிட்டு முதலாவதாக வந்த வளைவை எல்லாரும் சிரித்துக்கொண்டே கடந்தார்கள். இரண்டாவதில் சிரிப்பு நின்றது. மூன்றாவதில் செயலாளர் சாலையின் போக்கோடு உடன்படாமல் நேராகச் சென்று ஓர் உண்ணிச்செடிப் புதரில் அமர்ந்தார். அவரைப் பார்த்த மாத்திரத்தில் வேறு நான்கு பேர் குதித்து இறங்கிக்கொண்டார்கள்.

ஏசுவடியான் குதிக்கவில்லை. போக வர, கால் ஊன்றியது இல்லை என்று அச்சில் வர வேண்டும் அல்லவா? வலது செருப்பை முன்சக்கரத்தில் அழுத்தினார். ரப்பர் கருகும் நாற்றம் எழுந்தது. ஒரு வளைவு தாங்கியது. அடுத்ததில் செருப்பின் அடி ஓட்டையாகி வெறும் பாதம் சக்கரத்தில் பட்டது. காலை எடுத்தார். சைக்கிள் தன் இஷ்டத்துக்குப் பாய்ந்தது. பின்னால் செந்தூர்பாண்டி கத்திக்கொண்டே வந்தார்: “கால ஊனுங்க, அண்ணாச்சி! கால ஊனுங்கன்னா! எதுக்கால பள்ளம்!”

அந்தப் பள்ளத்தின் அடியில்தான் முந்தின நாள் மின்னிய அணை இருந்தது. ஏசுவடியான் கால் ஊன்றவில்லை. செந்தூர்பாண்டி உட்புறமாக ஒட்டி வந்து, ஒரு கையால் ராலியின் கேரியரைப் பிடித்து, மறு கையால் தன் பிரேக்கைப் பிடித்தார். இரண்டு சைக்கிள்களும் இரண்டு மனிதர்களும் மலைப்பக்கத்து ஓடைக்குள் ஒரே குவியலாகச் சரிந்தார்கள். கால் மட்டுமல்ல, முழங்கால், முழங்கை, தாடை ஆகியவையும் ஊன்றப்பட்டன.

இருவரும் எழுந்து உட்கார்ந்தார்கள். பிறகு செந்தூர்பாண்டி, “ஆத்துக்கரையிலருந்து எட்டுக் குலையோட எறங்குனவனுக்குத்தான் அண்ணாச்சி பிரேக்குன்னா என்னன்னு தெரியும்” என்று சொல்லிவிட்டு, மண்ணைத் தட்டிக்கொண்டே கேட்டார்: “ஆமா, இதுக்கு முன்ன எப்படி எறங்குனிய?”

ஏசுவடியான் தாடையைத் தடவினார். “லாரியில.”

“என்ன லாரி?”

“தேயில லாரி. வெறகு லாரி. ஒரு தடவ சிமெண்டு லாரி. சாக்க விரிச்சு சைக்கிளோட படுத்துக்கிடுவேன். திங்கக்கெழம டூட்டி இருக்குல்லா?”

“ஒம்பது தடவையுமா?”

“ஒம்பது தடவையும்.”

“பின்ன அனுகூலம்னு எழுதியிருக்கிய?”

“ஏறுன வழிதானலே…”

செந்தூர்பாண்டி சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் ஏசுவடியானுக்கு அது அனுகூலமாக இருந்திருக்கும். ராலியின் வளைந்த கைப்பிடியைக் கால்களுக்கு இடையில் இறுக்கி நேராக்கியபடியே மெதுவாகச் சொன்னார்: “நான் கொண்டுபோன மூணு மூட்டைய, கண்ணால பாக்கலன்னு திரும்ப எறக்க வச்சிய. மூணும் உள்ளதான இருந்துச்சு?”

ஏசுவடியான் ஓடையில் கிடந்த பென்சிலை எடுத்துக் காதில் செருகிக்கொண்டார்.

எஞ்சிய வளைவுகளை ஏழு பேரும் நடந்தே இறங்கினார்கள். சைக்கிள்கள் முன்னே இழுக்க, மனிதர்கள் பின்னே இழுக்க, ஏறியதைவிட இறங்குவதற்கு ஒன்றரை மணி நேரம் கூடுதலாயிற்று. ஏசுவடியான் ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் செயலாளரின் கைக்குட்டையுமாக நடந்தார். வழியில் ஒரு தேயிலை லாரி நின்று, தெரிந்த முகம் என்பதால் ஓட்டுநர் தலையை நீட்டி, “வழக்கம்போல ஏறலியா சார்?” என்றார். ஆறு பேரும் மரங்களைப் பார்த்தார்கள்.

மில்லர்புரத்தில் ஜெயபாய் டிங்சர் பாட்டிலைத் திறந்தபோது, “விழுந்தியளா, தள்ளி விட்டாவளா?” என்று மட்டும் கேட்டார். சைக்கிள் கடை ரோச் இன்னும் அதிகமாகக் கேட்டார். “ரெண்டு பிரேக்கும் போடணுமா? பதினாலு வருசத்துக்கு அப்புறம்? என்ன அண்ணாச்சி, ஊரு ஏதும் சரிஞ்சு போச்சா?”

அடுத்த வாரம் செயலாளர் தம் அறைக்கு அழைத்தார். முகத்தில் உண்ணிச்செடியின் கீறல்கள் இன்னும் ஆறியிருக்கவில்லை. மேசையில் குறிப்பேட்டின் நகல், அச்சகத்துக்குப் போக ஆயத்தமாக இருந்தது. தலைப்பின் கீழே பெரிய எழுத்தில் பெயரும் இருந்தது: ஏ. ஏசுவடியான், டாலி கிளார்க்.

“ஓடையில விழுந்தது நமக்குள்ள இருக்கட்டும். நான் புதருல விழுந்ததும்தான்” என்றார் செயலாளர். “எழுத்து சுத்தமா இருக்கு. ஏறுனதுக்கு நானே சாட்சி. எறக்கத்த யாரு போயிப் பாக்கப் போறா?”

ஏசுவடியான் தம் பெயரை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காதிலிருந்து பென்சிலை எடுத்து நாக்கில் தொட்டார். முதல் வழியில் ‘மேற்படி வழி, அனுகூலம்’ என்பதன் மேல் ஒற்றைக் கோடு இழுத்து, பக்கத்தில் சுருக்கொப்பமிட்டார். பக்கத்தைப் புரட்டினார். இரண்டாம் வழி. மூன்றாம் வழி. செயலாளர் கையைப் பிடிக்கப் போனார். பென்சிலின் நிதானத்தைக் கண்டு பின்வாங்கினார். நான்காம் வழியில் ஒரு கட்டம் கூடுதலாக அடிபட்டது. ‘கால் ஊன்றியது: இல்லை.’ அதற்கும் சுருக்கொப்பம்.

“எட்டுப் பக்கம் ஒதுக்கியாச்சே, அண்ணாச்சி!”

“உப்புக் கம்பெனிக்காரன் வெளம்பரம் குடுப்பான். போடும்.”

“அப்ப இது எப்பத்தான் வரும்?”

“ஒம்பது எறக்கம் பாக்கணும்லா. வருசத்துக்கு ஒண்ணு.”

ஓய்வு பெறுவதற்கு அவருக்கு இன்னும் ஏழு ஆண்டுகளே இருக்கின்றன என்பதைச் செயலாளர் கணக்கிட்டுப் பார்த்தார்.

மறுநாள் காலை ரயில்வே கேட்டுக்கு நாற்பது அடி முன்பாக வழக்கமான ‘டிக்’ கேட்டது. ஏசுவடியான் நிமிர்ந்த முதுகோடு இரண்டரை அடி மலையில் ஏறினார். சங்கரபாண்டியன் குளிரைப் பற்றி விசாரிக்க வாயெடுத்தார். ஆனால் உச்சியில் அடுத்த ‘டிக்’ கேட்கவில்லை. இரண்டு பிரேக்குகளையும் ஒருசேரப் பிடித்து, சைக்கிளைத் தண்டவாளத்துக்கு அப்பால் சரிவின் விளிம்பில் நிறுத்தி, ஏசுவடியான் இடது காலைத் தரையில் ஊன்றினார். எதிரே இறங்கிய நாற்பது அடிச் சாலையை மேலிருந்து கீழ்வரை ஒரு முறை பார்த்தார். பிறகு குறிப்பேட்டைத் தொடைமேல் விரித்து வைத்துக்கொண்டு, பென்சிலை நாக்கில் தொட்டார்.